"டெவலப்பிங் ஏரியா" என்றால் என்ன? சென்னையின் ஒரு பகுதியை நீங்களே படித்துப் பார்க்கும் வழி

சென்னையில் வீடு தேடத் தொடங்கினால் "டெவலப்பிங் ஏரியா சார்" என்ற வாசகம் சீக்கிரமே காதில் விழும். புரோக்கர் சொல்வார், மனை விற்பவர் சொல்வார், மாமனார் வீட்டு உறவினரும் சொல்வார். மெட்ரோ ரயில் தூண் எழும்பிய இடத்துக்கும் அதே சொல்தான், முழங்கால் சேற்றில் நாலு வீடு நிற்கும் இடத்துக்கும் அதே சொல்தான். வளர்கிறது, சரி. எதனால் வளர்கிறது, அந்த வளர்ச்சிக்குப் பின்னால் திட்டம் ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அதை நீங்களே கண்டுபிடிப்பதற்கான வழிமுறை இது. வேலைக்காக வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும், நகரமைப்பு படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கும் பயன்படும். போனில் இணையம், ஓர் ஓய்வு நாள், நடக்கத் தெம்பு ஆகியவை போதும். ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் வீடு முந்தியதா, திட்டம் முந்தியதா? குழாயில் தண்ணீர் வருமா, மழைக்குத் தெரு நிற்குமா, பிள்ளைக்கு விளையாட இடம் இருக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் படி: எந்தச் சென்னை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னைக்கு ஒரே எல்லை கிடையாது. மாநகராட்சி என்பது ஒன்று. 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. 15 மண்டலம், 200 வார்டு. சிஎம்டிஏ என்று எல்லோரும் சொல்லும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை வேறு. நெடுங்காலம் அது 1,189 சதுர கிலோமீட்டர். 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு அறிவித்தது. ஆவடியும் தாம்பரமும் தனித்தனி மாநகராட்சிகள். விளம்பரத்தில் "சென்னை" என்று போட்டிருக்கும் மனை செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் இருப்பது இங்கே அன்றாடச் செய்தி.

எனவே முதலில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உள்ளாட்சி, எந்த வருவாய்க் கிராமம், சிஎம்டிஏ எல்லைக்குள்ளா வெளியேயா. வெளியே என்றால் அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. தெரு விளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய் நிற்பது என்பதும் இந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஜனங்களை இழுத்தது எது?

நகரம் மூன்று விதமாகப் பெருகும் என்று பாடப்புத்தகம் சொல்லும்: பிறப்பால், குடிபெயர்வால், எல்லை நகர்வதால். பிறப்பு விகிதம் குறைந்துபோன தமிழ்நாட்டில் முதல் காரணத்துக்குப் பெரிய வேலை இல்லை. மற்ற இரண்டும்தான் சென்னையின் கதை. 2001-க்கும் 2011-க்கும் இடையே பழைய மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமாகத்தான் ஏறியது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகர்த்தொகுப்பின் எண்ணிக்கையோ 65.6 லட்சத்திலிருந்து 86.5 லட்சமாகத் தாவியது. இதில் ஒரு பகுதி, புதிதாக ஊர்களைச் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் செய்தி தெளிவு: நடுவில் இடமில்லை, ஓரம் வீங்குகிறது. (2021 கணக்கெடுப்பு நடக்காததால், 2011-க்குப் பிந்தைய எண்ணை யாராவது அடித்துச் சொன்னால் அது மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் பார்க்கும் பகுதிக்கு ஜனங்களை இழுத்தது எது என்று கேளுங்கள். சென்னையில் அனேகமாக ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

தொழிற்சாலை. பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1950-களின் இறுதியில் கிண்டித் தொழிற்பேட்டை, அடுத்த பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. வில்லிவாக்கம், கொரட்டூர், ஆவடியின் பழைய தெருக்கள் பல ஷிப்டுக்கு சைக்கிளிலும் மின்சார ரயிலிலும் போனவர்கள் கட்டியவை. 1990-களின் பிற்பகுதியில் ஹூண்டாய் வந்தபின் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அதே கதை, வேறு வேகத்தில்.

ஐடி. தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையானது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வேலை ஒரே கோட்டில் நீண்டது; வீடும் அதே கோட்டில் நீண்டது.

போக்குவரத்து. கிழக்கே கடல், ஆகவே சென்னை வளர்ந்தது அரைவட்டமாகத்தான். அதிலும் சீராக அல்ல. தெற்கே ஜிஎஸ்டி சாலை, மேற்கே பூந்தமல்லிச் சாலை, வடக்கே ஜிஎன்டி சாலை, அவற்றை ஒட்டிய ரயில் பாதைகள் என விரல் விரலாக நீண்டது. அப்புறம் விரல்களுக்கு நடுவே இருந்த வயலும் ஏரியும் நிரம்பின. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007-இல். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை ஒட்டி இப்போது அடுத்த நிரப்புதல் நடக்கிறது.

உள்ளே வாடகை கட்டுபடியாகாமை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பிறந்தவர்கள் மேடவாக்கத்திலும் முகலிவாக்கத்திலும் வீடு வாங்கியதற்கு வேலை காரணமில்லை, விலைதான்.

ஐந்தாவது, அரசே கொண்டுபோய் வைத்தது. நதிக்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். நகர வளர்ச்சி என்று பேசும்போது இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விருப்பப்பட்டு வந்தவர்களைவிட இவர்களுக்கு வேலையும் பள்ளியும் தூரம். அது சொந்தத் தேர்வும் அல்ல. சேர்த்தே எழுதுங்கள்.

எதற்கு இந்த ஆராய்ச்சி? காரணம் தெரிந்தால் ஆயுளும் தெரியும். ஒரே ஒரு கம்பெனியை நம்பி வளர்ந்த இடம் அந்தக் கம்பெனி மூடினால் தளரும். ரயில் நிலையத்தை நம்பி வளர்ந்த இடம் அவ்வளவு சுலபமாகத் தளராது.

மூன்றாம் படி: வீடு முந்தியதா, திட்டம் முந்தியதா?

சென்னையில் இரண்டுக்கும் நல்ல சான்றுகள் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கும்.

திட்டம் முந்திய இடங்களைத் தெருவே காட்டிக்கொடுக்கும். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்த கையோடு, மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகரை வரைந்தார்கள். பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிந்து போவதை வரைபடத்தில் பாருங்கள், யாரோ உட்கார்ந்து வரைந்தது தெரியும். அண்ணா நகர் அடுத்தது. 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி அகலத் தெருக்கள், அவென்யூ, பூங்கா, பள்ளிக்கு இடம் என்று முதலிலேயே பிரித்து வைத்தார்கள். அசோக் நகர், கே.கே. நகரும் இந்த வகையே. இன்று அங்கேயும் நெரிசல் உண்டு, கடைகள் வீடுகளை விழுங்கியதும் உண்டு. ஆனாலும் ஒரு தீயணைப்பு வண்டி உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும்.

குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1977-இல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் வீடு கட்டித் தரவில்லை. சிறு மனை, சாலை, தண்ணீர், சாக்கடை மட்டும் அமைத்துக் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அதைத் தொடர்ந்து பெரிய அளவில் செய்யாமல் விட்டதுதான் சென்னை நகரமைப்பின் பெரிய தவறு என்பது என் வாதம்.

வீடு முந்திய இடங்களில் கதை தலைகீழ். விவசாயி வயலை விற்கிறார். ஒருவர் வாங்கி 20 அடி வழி விட்டு மனையாகப் பிரிக்கிறார். பக்கத்து வயலைப் பிரித்தவரின் வழியும் இவருடைய வழியும் நேராகச் சந்திப்பதில்லை. வேளச்சேரியின் உள்தெருக்கள், மடிப்பாக்கம், முடிச்சூர்ப் பக்கமெல்லாம் நடந்து பார்த்தால் திடீரென்று தெரு முட்டி நிற்கும் காரணம் இதுதான். பூங்காவுக்கு இடமில்லை, பள்ளிக்கு இடமில்லை. வடிகால் பிறகு வரும், பாதாளச் சாக்கடை அதற்கும் பிறகு. ராஜீவ் காந்தி சாலைப் பகுதியில் அடுக்குமாடிகள் எழும்பிப் பல ஆண்டுகள் கழித்தும் தண்ணி லாரியை நம்பித்தான் ஓடின.

திட்டம் போட ஆள் இல்லாமலா இப்படி? இருந்தார்கள். சிஎம்டிஏ 1970-களில் உருவானது. முதல் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) 1975-இல் வந்தது. நெரிசலைக் குறைக்க மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணை நகரங்களை அது முன்வைத்தது. இரண்டாம் பெருந்திட்டம் 2008-இல்தான் வந்தது, 2026-ஐ இலக்காக வைத்து. நடுவில் 33 ஆண்டுகள். வளசரவாக்கமும் வேளச்சேரியும் நிரம்பியது அந்த இடைவெளியில்தான். மூன்றாம் பெருந்திட்டம் 2027 முதல் 2046 வரைக்குமாகத் தயாராகி வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திட்டம் வளர்ச்சிக்குப் பின்னால் ஓடுவது மட்டுமில்லை, வளர்ச்சியை இழுக்கவும் செய்யும். ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் இருந்த காய்கறி மொத்த வியாபாரத்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2002-இல் பேருந்து நிலையமும் அங்கேயே வந்தது. விருகம்பாக்கமும் நெற்குன்றமும் வேறு ஊராகிவிட்டன. கோயம்பேடும் திணறியபோது 2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. திட்டம் போடுகிறவர்களே சில சமயம் வீட்டை முந்த வைத்துவிடுகிறார்கள்.

நான்காம் படி: தண்ணீர் எங்கே நின்றது, எங்கே போகும்?

மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

சென்னை தட்டையான ஊர். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடும். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் கடலுக்குப் போக, குறுக்கே பக்கிங்காம் கால்வாய். இவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான ஏரிகளை முன்னோர் சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தார்கள்; ஒன்று நிரம்பினால் கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கு வழியாக அடுத்ததற்குப் போகும். நகரம் வளர்ந்தபோது ஏரிதான் முதலில் காணாமல் போனது, ஏனென்றால் அது அரசு நிலம், யாரிடமும் விலை பேச வேண்டியதில்லை. தனியார் மட்டும் செய்ததில்லை இது. நுங்கம்பாக்கம் ஏரிப் பரப்பில்தான் லேக் ஏரியா குடியிருப்பும், 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நிற்கின்றன.

தெற்கே முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைத் தொட்டுக் கோவளம் பக்கம் கடல் சேரும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பு அது. குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலகம், குடியிருப்பு என எல்லாம் போக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மூழ்கியதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை: முதலில் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுங்கள். கூகுள் எர்த்தில் கணினி வழியாகப் போனால் பழைய ஆண்டுகளின் படங்களையும் நகர்த்திப் பார்க்கலாம். 2000-களின் தொடக்கத்துக்குப் போய், உங்கள் தெரு இருக்கும் இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடுத்து, தெருப் பெயர்களைப் படியுங்கள். ஏரிக்கரைத் தெரு என்று பெயர் இருந்து ஏரியைக் காணவில்லை என்றால், அது எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும். மூன்றாவதாக, தெருக்கோடி மளிகைக் கடைக்காரரையோ இஸ்திரி போடுபவரையோ கேளுங்கள்: "2015-இல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது? எத்தனை நாள் நின்றது?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். வந்து வடிந்துவிட்டால் அங்கே வடிகால் உண்டு. நாள்கணக்கில் நின்றது என்றால் அது பள்ளம், அங்கே எவ்வளவு உயரமாக வீடு கட்டினாலும் நீங்கள் பால் பாக்கெட் வாங்கப் படகில்தான் போக வேண்டியிருக்கும். சுவரில் வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் இருக்காது, பக்கத்துக் காலி வீட்டில் இருக்கும்.

மழைக்குப் போலவே வறட்சிக்கும் கேளுங்கள். 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டபோது இந்தத் தெருவில் போர்வெல் எத்தனை அடி போனது, லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு மறந்திருக்காது.

ஐந்தாம் படி: காகிதம்

புல எண் (சர்வே நம்பர்) இல்லாமல் எதுவும் நகராது. அதைக் கேட்டு வாங்குங்கள். தராமல் மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

புல எண்ணை வைத்து சிஎம்டிஏ இணையதளத்தில் நில உபயோகத்தைப் பார்க்கலாம். குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் பெருந்திட்டத்தில் ஓர் ஒதுக்கீடு உண்டு. விவசாயம் என்று இருக்கும் நிலத்தில் "பிளாட் போட்டாச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றுவதற்கு முறை இருக்கிறது. ஆனால் மாற்றிய ஆணையைக் கையில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் கடலோர நிலத்தடி நீர் சேமிப்புப் பகுதியிலும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

அப்புறம் வருவாய்த் துறைப் பதிவு. பட்டாவோடு நிற்காமல், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள். அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் வரும். ஏரி, குளம், கால்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால் என்று புறம்போக்கு வகை ஏதும் இருந்தால் அதில் தெரியும். அந்த நிலத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் சிஎம்டிஏ அல்லது டிடிசிபியிடம்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. வீடு முந்தித் திட்டம் பின்னால் ஓடி வந்ததற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் அரசிடமிருந்து வர முடியாது. வரன்முறைப்படுத்திய மனை வாங்கலாம், தவறில்லை. தெரு அகலமும் பூங்காவும் மட்டும் தானாக வந்துவிடாது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அங்கீகார வரைபடத்தில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் பூங்கா இருக்கும். சில இடங்களில் கார் நிறுத்தம், இல்லையென்றால் பூட்டிய கேட்.

ஆறாம் படி: இரண்டு நேரத்தில் நடந்து பாருங்கள்

ஞாயிறு காலை எல்லாத் தெருவும் அழகு. வேலை நாள் ஒன்றில் காலை எட்டரைக்கும், மழை பெய்த மறுநாளும் போங்கள். பார்க்க வேண்டியவை சில: பழைய வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா (ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் தார் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், தண்ணீர் இனி வீட்டுக்குள் வரும்). மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடுகிறதா. ஷேர் ஆட்டோ எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போக நடைபாதை இருக்கிறதா. அரசுப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எவ்வளவு தூரம்.

ஏழாம் படி: அடுத்து வருவது என்ன, அதில் உங்கள் பங்கு என்ன

மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர். மாதவரம், சிறுசேரி, பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் எல்லாம் அதன் பாதையில் இருக்கின்றன. நிலையம் வருமிடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கட்டடங்கள் உயரும், வாடகை ஏறும், ஒரு வீடு இருந்த மனையில் எட்டு வீடு வரும். அதே சாக்கடைக் குழாயில் எட்டு வீடும் இணையும். குழாயை எப்போது பெரிதாக்குவார்கள் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

வாடகைக்குத்தானே இருக்கிறோம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். பெருந்திட்ட வரைவு வெளியானதும் பொதுமக்களின் ஆட்சேபத்தையும் ஆலோசனையையும் கேட்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் பேசலாம். "எங்கள் ஏரியா முன்னேற வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "இந்தப் புல எண்ணில் திறந்தவெளி என்று அங்கீகார வரைபடம் காட்டுகிறது, இப்போது அங்கே கட்டடம் நிற்கிறது" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். தெருப் பெயர், புல எண், தேதி போட்ட புகைப்படம் மூன்றையும் இணையுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.